இரட்டை எஞ்சின் பயிற்சி: ஓட்டம் சில நாள், தயாரிப்பு பல வாரம்

நெய்வேலி நகரியத்தை ஒட்டி என்.எல்.சி.க்குச் சொந்தமான விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தின் முதல் பட்டியலில், 2017-இலேயே, நெய்வேலியின் பெயரும் இடம்பெற்றது. இத்தகைய ஓடுதளங்களில் இறங்கக்கூடிய 19 இருக்கை டோர்னியர் 228 ஆகட்டும், பெருநகரங்களுக்கு இடையே பறக்கும் ஏர்பஸ் 320 ஆகட்டும், பயணிகள் விமானங்கள் அநேகமாக எல்லாமே இரட்டை எஞ்சின் கொண்டவை. விமானி வேலைக்குக் கனவு காணும் பிள்ளைகள், ஒற்றை எஞ்சினில் கற்றதோடு நிற்காமல் ‘மல்ட்டி எஞ்சின் ரேட்டிங்’ எனும் தகுதியையும் பெற வேண்டியிருப்பது இதனால்தான்.

சில நாட்களில் முடியுமா?

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும். இதில் பெரும்பகுதி செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானங்களில் கழிகிறது. இரட்டை எஞ்சினுக்கு மணி நேரக் கட்டணம் கணிசமாக அதிகம் என்பதால் அதற்குக் கிடைப்பது சிறு பங்குதான்.

அமெரிக்காவில் ஏற்கெனவே விமானி உரிமம் உள்ளவர் இந்தத் தகுதியைக் கூடுதலாகச் சேர்க்க, குறைந்தபட்சப் பறப்பு நேரம் என்று எதுவும் விதிக்கப்படவில்லை. தனி எழுத்துத் தேர்வும் கிடையாது. பயிற்றுநர் சான்றளித்து, செய்முறைத் தேர்வில் தேறினால் போதும். அதனால் அங்கே சில நாட்களிலேயே முடித்துத் தரும் துரிதப் பயிற்சிகள் பிரபலம். நம்மூர் மாணவர்கள் அங்கே போய்க் கற்றாலும், திரும்பி வந்து, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.வின் தேர்வுகளைத் தாண்டித்தான் இந்திய உரிமம் பெற முடியும். உள்நாட்டில் உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி போன்ற இடங்களில் டி.ஏ.42 என்ற இரட்டை எஞ்சின் விமானத்தில் பயிற்சி தரப்படுகிறது.

சில நாட்களில் முடிப்பது தவறல்ல. ஆனால் தரையில் படித்து முடித்தவருக்கு மட்டுமே அந்த வேகம் பயன்படும்.

எதைக் கற்கிறோம்?

இரண்டு எஞ்சினும் ஓடும்போது விமானத்தை ஓட்டுவது கடினமல்ல. பாடமே ஒன்று நின்றுபோன பிறகுதான் தொடங்குகிறது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டால், இழுக்கிற மாடு வண்டியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். விமானமும் செத்த எஞ்சின் பக்கமாகத் திரும்பும், சாயும். விமானி ரட்டர் எனும் வால் சுக்கானின் பெடலை எதிர்ப்பக்கம் அழுத்தி அதை நேராக்க வேண்டும்.

வேகம் குறையக் குறைய ரட்டரின் பிடி தளரும். ஒரு கட்டத்துக்குக் கீழே, முழுதாக அழுத்தினாலும் விமானம் கட்டுக்குள் நிற்காது. அந்த எல்லையை வேகமானியில் சிவப்புக் கோடு காட்டும். ஓர் எஞ்சின் நின்ற நிலையில் மிக விரைவாக மேலேற உதவும் வேகத்தை நீலக் கோடு காட்டும்.

எஞ்சின் இரண்டு என்பதால் பாதுகாப்பும் இரட்டிப்பு என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. ஓர் எஞ்சின் போனால் இழப்பது பாதி விசை. ஆனால் சிறிய விமானங்களில் மேலேறும் திறனில் ஏறத்தாழ 80 விழுக்காடு போய்விடும். வெயிலும் சேர்ந்துகொள்ளும். 40 டிகிரி அடிக்கும் அக்னி நட்சத்திர மதியத்தில், கடல் மட்டத்தில் இருக்கும் விமானம்கூட ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருப்பதுபோலத்தான் நடந்துகொள்ளும். டர்போ வசதி இல்லாத எஞ்சினுக்கு இது பெரும் சுமை. நெய்வேலி வெயிலில் வளர்ந்த மாணவர் இந்தக் கணக்கைப் பயிற்சிக்கு முன்பே போட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

விமானத்தின் கையேட்டை முதலில் வாங்கிப் படியுங்கள். வேகங்கள், எரிபொருள் அமைப்பு, சக்கர இயக்கம் ஆகியவை மனப்பாடமாக இருக்க வேண்டும்.

அடுத்தது நாற்காலிப் பயிற்சி. காக்பிட் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, எதிரே உட்காருங்கள். பைப்பர் செனகாவில் விசைக்கு இரண்டு, புரொப்பெல்லருக்கு இரண்டு, எரிபொருள் கலவைக்கு இரண்டு என்று ஆறு நெம்புகோல்கள். “இடது எஞ்சின் போச்சு” என்று நண்பர் சொன்னதும், வலது காலை அழுத்துங்கள். ஆறு நெம்புகோல்களையும் முன்னே தள்ளுங்கள். ஃபிளாப், சக்கரம் இரண்டையும் மேலேற்றுங்கள். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்க எஞ்சின்தான் செத்தது. அதன் விசை நெம்புகோலை மெல்லப் பின்னே இழுத்து உறுதி செய்யுங்கள். விமானம் கூடுதலாகத் திரும்பவில்லை என்றால் கணிப்பு சரி. அதன்பிறகே புரொப்பெல்லரை ‘ஃபெதர்’ செய்து, அதன் இதழ்கள் காற்றைத் தடுக்காதபடி திருப்ப வேண்டும். அவசரத்தில் ஓடுகிற எஞ்சினையே அணைத்துவிட்ட விபத்துகள் உலகில் நடந்திருக்கின்றன. 2015-இல் தைபேயில் விழுந்த டிரான்ஸ்ஏசியா விமானம் அதற்குச் சாட்சி. உறுதி செய்யும் அந்த ஒரு படியைத் தாண்டக் கூடாது.

பணம் கட்டுமுன்

பயிற்சிப் பள்ளியிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். விமானம் பழுதானால் மாற்று உண்டா? சிமுலேட்டர் நேரம் எவ்வளவு? முதல் நாள் முதல் தேர்வு நாள் வரை ஒரே பயிற்றுநர்தானா? நான் தயாராகவில்லை என்றால் தேர்வைத் தள்ளிப்போடுவீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்கும் பள்ளியை விட்டுவிடுங்கள்.

கடன் வாங்கிப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு, சீக்கிரம் முடிந்தால் நல்லது என்றுதான் தோன்றும். அந்த அக்கறை நியாயமானது. ஆனால் வாரக்கணக்கில் வீட்டில் செய்யும் தயாரிப்புக்குப் பெட்ரோல் செலவில்லை. அதைச் செய்யாமல் போகும் மாணவர்தான் ஒரே பாடத்துக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறார். தேதியைப் பார்த்துப் பயிற்சியில் சேராதீர்கள். எஞ்சின் நின்றால் செய்ய வேண்டியதைத் தடுமாறாமல் சொல்லவும் செய்துகாட்டவும் முடிந்த பிறகு சேருங்கள்.