உங்களுக்குத் தெரியுமா? ஏற்காடு மலையும் ஏறி இறங்குகிறது!

கடல் மட்டுமல்ல, சேர்வராயன் மலையும் நிலவின் இழுப்பால் தினமும் இருமுறை உயர்ந்து தாழ்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 30 சென்டிமீட்டருக்கும் மேல்! ஏற்காடும் அடிவாரத்துச் சேலமும் சேர்ந்தே உயர்வதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

• நிலவை நோக்கிய பக்கத்தில் அதன் ஈர்ப்பு கூடுதல், எதிர்ப்பக்கத்தில் குறைவு. இந்த வேறுபாடுதான் பூமியை இருபுறமும் நீட்டுகிறது. அதனால்தான் ஒரே நாளில் இரண்டு ஏற்றம்.

• சூரியனின் பங்கு நிலவுடையதில் பாதிக்கும் சற்றுக் குறைவு.

• ஏற்காடு ஏரியில் ஏற்றவற்றம் தென்படாது. அதற்குப் பெருங்கடலின் பரப்பு வேண்டும்.

• சென்னையில் கடல் ஏறுவது சுமார் 1 மீட்டர்தான். குஜராத்தின் காம்பத் வளைகுடா உள்ளே போகப் போகக் குறுகுவதால், அங்கே 10 மீட்டரையும் தாண்டும். பாவ்நகர் பக்கம் போனால் அவசியம் பாருங்கள்.