மாட்டுக்கும் ஊறுகாய்

பெங்களூருவில் ஜூன் மாதம் மழை தொடங்கும். அக்டோபர் வரை பெய்யும். அந்த மாதங்களில் மாட்டுக்குப் புல் பஞ்சம் இல்லை. வரப்பில் புல். ஏரிக்கரையில் புல். காலி மனையில்கூடப் புல்.

பிறகு பனிக்காலம் வரும். ராகி அறுவடை நடக்கும். தை பிறந்ததும் புல் காயத் தொடங்கும். மாசி, பங்குனியில் தரை வெளுத்துவிடும். அடுத்த மழைக்கு இன்னும் பல மாதம் இருக்கும். மாட்டின் வயிறு அதுவரை காத்திருக்குமா?

எலகங்கா, கிருஷ்ணராஜபுரம், கெங்கேரி பக்கம் இன்றும் பல வீடுகளில் மாடு உண்டு. வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை. அதில் இரண்டு கலப்பினப் பசு. முன்பு அவை மேய்ந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள் நிற்கின்றன. மாடு கட்டிய இடத்திலேயே நிற்கிறது. போட்டதைத்தான் தின்ன வேண்டும்.

சிலர் பால் கறந்ததும் மாட்டை அவிழ்த்துவிடுகிறார்கள். அது தெருக் குப்பைக்குப் போகிறது. மிச்சச் சோறு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கிடக்கிறது. மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. பையோடு விழுங்குகிறது. பிளாஸ்டிக் செரிக்காது. சாணத்தோடு வெளியேயும் வராது. வயிற்றிலேயே உருண்டையாகச் சேர்கிறது. மாடு இரை எடுக்காமல் மெலிகிறது. இப்படிப்பட்ட மாடுகளின் வயிற்றைத் திறந்து, மருத்துவர்கள் கிலோ கணக்கில் பிளாஸ்டிக்கை எடுத்திருக்கிறார்கள்.

ஏரிக்கரைப் புல்லும் எல்லா இடத்திலும் நல்லதல்ல. சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கும் ஏரியில் புல் பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் கழிவில் உள்ள ஈயம் போன்ற நஞ்சு அந்தப் புல்லில் ஏறும். புல் வழியாகப் பாலுக்கும் வரலாம். பெல்லந்தூர் ஏரியின் கதை எல்லோருக்கும் தெரியும். 2018 ஜனவரியில் அங்கே கரையோரம் காய்ந்து நின்ற புல் தீப்பற்றி எரிந்தது.

அப்படியானால் மழைக்காலப் புல்லைக் கோடைவரை வைத்துக்கொள்ள வழி உண்டா? உண்டு. ஒன்று காய வைப்பது. இன்னொன்று ஊற வைப்பது.

குளிர் நாடுகளில் இது பழைய வழக்கம். இங்கிலாந்து, அயர்லாந்து நாடுகளில் குளிர்காலத்தில் புல் வளராது. நிலம் சேறாகிவிடும். அதனால் இறைச்சிக்கு வளர்க்கும் மாடுகளைக்கூடக் கொட்டகையில் அடைத்துவிடுவார்கள். பல மாதம் அவை வெளியே போகாது. கோடையில் சேர்த்து வைத்த உலர்புல்லும் ஊறிய புல்லும்தான் அவற்றுக்கு உணவு. அவர்களுக்குக் குளிர்காலம் எப்படியோ, பெங்களூரு மாட்டுக்குக் கோடை அப்படி.

காய வைப்பது

ராகித் தாளை அடுக்கிப் போர் போடுவது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. ராகித் தாள் நல்ல தீவனம். நெல் வைக்கோலைவிட ஒரு படி மேல். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். பால் கொடுக்கும் மாட்டுக்கு அது மிகவும் தேவை.

நிலக்கடலைக் கொடியும் அருமையான தீவனம். கார்த்திகை மாதத்தில் பசவனகுடியில் கடலைக்காய்த் திருவிழா நடக்கும். கடலைப் பயிரைத் தின்ற ஒரு காளையைப் பற்றி அங்கே ஒரு கதை சொல்வார்கள். காளைக்குத் தெரிந்தது சில மனிதருக்குத் தெரியவில்லை. அவர்கள் கடலையை எடுத்துக்கொண்டு கொடியை எரித்துவிடுகிறார்கள்.

பச்சைப் புல்லையும் காய வைக்கலாம். பூக்கும் சமயத்தில் அறுக்க வேண்டும். முற்றிய பிறகு அறுத்தால் அது வெறும் குச்சிதான். இரண்டு மூன்று நாள் வெயிலில் புரட்டிப் போட வேண்டும். ஈரத்தோடு போர் போடக் கூடாது. உள்ளே சூடு ஏறும். பூசணம் பிடிக்கும். சில சமயம் போர் தானாகவே தீப்பிடிக்கும்.

பூசணம் பிடித்த தீவனத்தை உதறிவிட்டுப் போடுவது பலருடைய பழக்கம். அது தவறு. சில பூசணங்களின் நஞ்சு பாலில் இறங்கும். அந்தப் பாலைக் குழந்தை குடிக்கும்.

ஊற வைப்பது

வீட்டில் எலுமிச்சை ஊறுகாய் போடுவார்கள். அதன் மேல் எண்ணெய் நிற்க வேண்டும். ஏன்? காய் மீது காற்று படக் கூடாது. காற்று பட்டால் பூசணம் வரும். பாலில் உறை ஊற்றினால் தயிராகும். ஏன்? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பாலைப் புளிக்க வைக்கின்றன.

இந்த இரண்டும் சேர்ந்ததுதான் ஊறுகாய்ப் புல். இதைச் சைலேஜ் என்றும் சொல்வார்கள். பச்சைத் தீவனத்தை நறுக்கிக் காற்றுப் புகாமல் அழுத்தி மூடினால், தயிரில் உள்ளது போன்ற நுண்ணுயிர்கள் அதில் பெருகும். அவை தட்டில் உள்ள இனிப்பைப் புளிப்பாக மாற்றும். புளிப்பு ஏறியதும் அழுக வைக்கும் கிருமிகள் அடங்கிவிடும். பிறகு மூடியபடி இருக்கும் வரை தீவனம் கெடாது. மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

இதற்கு மக்காச்சோளம் மிக நல்லது. அதில் இனிப்பு அதிகம். சோளமும் கம்பும்கூட ஆகும். வெறும் புல்லாக இருந்தால் கொஞ்சம் வெல்லப்பாகுக் கழிவு சேர்க்க வேண்டும்.

அறுக்கும் பதம் முக்கியம். மக்காச்சோளக் கதிரை உரித்து ஒரு மணியை நகத்தால் கிள்ள வேண்டும். தண்ணீராகப் பால் தெறித்தால் இன்னும் சில நாள் பொறுக்கலாம். பால் கெட்டியாகி மாவு போல வந்தால் அதுதான் பதம். விதைத்து ஏறக்குறைய 80, 90 நாளில் இந்தப் பதம் வரும்.

தட்டை ஓர் அங்குலத் துண்டாக நறுக்க வேண்டும். பிறகு கைச் சோதனை. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பார்க்க வேண்டும். சாறு சொட்டினால் ஈரம் அதிகம். அரை நாள் வாட விடலாம். உடனே உதிர்ந்தால் காய்ச்சல் அதிகம். லேசாகச் சாறு தெரியாமல் மெல்ல விரிந்தால் சரி.

குழி எவ்வளவு பெரிதாக வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மாடு. ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 15 கிலோ. மூன்று மாதத்துக்கு 90 நாள்.

2 × 15 × 90 = 2,700 கிலோ.

ஓரத்தில் கொஞ்சம் வீணாகும். எனவே 3,000 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். நன்றாக மிதித்தால் ஒரு கன அடியில் ஏறக்குறைய 15 கிலோ அடங்கும். 3,000 கிலோவுக்கு 200 கன அடி தேவை. 10 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடி ஆழம். அவ்வளவுதான் குழி. கால் ஏக்கர் மக்காச்சோளம் இதற்குப் போதும்.

குழி மேட்டில் இருக்க வேண்டும். தண்ணீர் இறங்கக் கூடாது. அடியிலும் பக்கத்திலும் கெட்டியான பாலிதீன் தாள் விரிக்க வேண்டும். அரை அடி கொட்டி மிதிக்க வேண்டும். மறுபடி அரை அடி. மறுபடி மிதி. இந்த வேலையில் சோம்பல் கூடாது. மிதிக்காத மூலையில்தான் காற்று தங்கும். அங்கேதான் முதலில் கெடும். வீட்டார், அக்கம்பக்கத்தார் எல்லோரும் சேர்ந்தால் இரண்டு நாளில் முடியும். தரைக்கு மேலே கொஞ்சம் மேடாக நிரப்பித் தாளை மூடி மண் போட வேண்டும். எலி, நாய் தோண்டாமல் பார்க்க வேண்டும்.

45 நாள் கழித்துத் திறக்கலாம். நல்ல ஊறுகாய்ப் புல் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். பழம் புளித்த வாசனை வரும். கறுத்து, பிசுபிசுத்து, நாற்றம் அடித்தால் அது எருக்குழிக்குத்தான்.

ஒரு பக்கம் மட்டும் திறந்து தினமும் ஓர் அடுக்காக எடுக்க வேண்டும். எடுத்ததும் தாளை இழுத்து மூட வேண்டும். மாட்டுக்கு முதலில் புளிப்பு பிடிக்காமல் போகலாம். ஐந்து கிலோவில் தொடங்கி ஒரு வாரத்தில் கூட்டலாம். கறவைக்குப் பின்பே போட வேண்டும். முன்பே போட்டால் பாலில் அந்த வாசனை ஏறும்.

இதை மட்டும் போட்டு மாட்டை வளர்க்க முடியாது. கூடவே நாலைந்து கிலோ ராகித் தாள் வேண்டும். பாலுக்கு ஏற்ற அளவு அடர்தீவனம் வேண்டும். நிறையத் தண்ணீர் வேண்டும். தாளைக் குறைத்து அடர்தீவனத்தை அள்ளிப் போட்டால் பாலில் கொழுப்பு குறையும். பால் சங்கத்தில் கொழுப்பைப் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள்.

சோளத்தில் இன்னொரு லாபம் உண்டு. மழை இல்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் நஞ்சு இருக்கும். அதைத் தின்ற மாடு வாயில் நுரை தள்ளிச் சாவதை ஊரில் பார்த்திருப்பார்கள். ஊற வைக்கும்போது அந்த நஞ்சு பெரும்பாலும் குறைந்துவிடும்.

இந்த வித்தை பெங்களூருவுக்கு அந்நியமல்ல. 1923இல் இங்கே கால்நடை, பால்பண்ணைக் கல்விக்கென்று ஒரு நிலையம் தொடங்கினார்கள். 1927இல் காந்தி உடல்நலம் குன்றிப் பெங்களூருவில் தங்கினார். அப்போது அங்கே போய் மாடு வளர்ப்பைப் பற்றிக் கேட்டுக் கற்றார். 1955இல் தலைமை நிலையம் கர்னாலுக்குப் போனது. அதன் கிளை இன்றும் ஆடுகோடியில் இருக்கிறது. கால்நடைத் தீவனத்தை ஆராயும் தேசிய நிறுவனமும் 1995 முதல் அங்கேதான் உள்ளது. எப்பாலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இவ்வளவு இருந்தும் பல கொட்டகைகளில் ஊறுகாய்ப் புல் என்ற பேரே கேட்டதில்லை.

2023இல் மழை பொய்த்தது. கர்நாடகத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சித் தாலுகா என்று அரசு அறிவித்தது. அப்படிப்பட்ட வருடத்தில் தாள் விலை ஏறும். வாங்க முடியாதவர் மாட்டை விற்பார். எல்லோரும் விற்கும் சமயத்தில் மாட்டுக்கு என்ன விலை கிடைக்கும்?

நிலம் இல்லாதவரும் செய்யலாம். கெட்டியான பாலிதீன் பையை ஒரு சாக்குக்குள் வைக்க வேண்டும். நறுக்கிய தட்டை அதில் அழுத்தித் திணித்து, காற்றை வெளியேற்றி, வாயை இறுகக் கட்ட வேண்டும். மூடி உள்ள பிளாஸ்டிக் பீப்பாயும் ஆகும். உரமோ மருந்தோ இருந்த பீப்பாய் வேண்டாம். ஒரு பையைத் திறந்தால் இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும்.

ஆகஸ்டு தொடக்கத்தில் மக்காச்சோளம் விதைத்தால் அக்டோபர் கடைசியில் பதம் வரும். மழை விட்ட நாளாகப் பார்த்துக் குழியை நிரப்ப வேண்டும். மாட்டுப் பொங்கலுக்குள் அது ஊறித் தயாராகிவிடும்.