தேக்கா எவ்வளவு தூரம்?

சிங்கப்பூரின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிவரை அளந்தால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே உள்ள தூரம்கூட இல்லை. இதற்குள் ஒரு பேட்டையிலிருந்து இன்னொரு பேட்டைக்குப் போவதற்கு இவ்வளவு யோசனையா என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் சிரிப்பார்கள். ஃபேரர் பார்க்கிலோ பூன் கெங்கிலோ நெடுநாள் இருந்த குடும்பம் ஈசூனுக்கோ பொங்கோலுக்கோ மாறலாமா என்று பேச ஆரம்பித்தால் அந்தப் பேச்சு மாதக்கணக்கில் ஓடும். அதில் முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: அங்கிருந்து தேக்கா எவ்வளவு தூரம்?

அந்தக் கேள்விக்கு நாம் தேவைக்கு மேல் இடம் கொடுக்கிறோம் என்பது என் எண்ணம். லிட்டில் இந்தியாவின் சந்தை வட்டாரமான தேக்காவுக்குப் போக ரயில் இருக்கிறது. ரயிலால் தீர்க்க முடியாத சில விஷயங்கள் இருக்கின்றன. இன ஒதுக்கீடு, பெற்றோர், பிள்ளையின் பள்ளி, வீட்டின் மிச்சக் குத்தகை ஆகியவையே அவை. கணக்கை அங்கே தொடங்குவது நல்லது.

தேக்கா இருக்கும் சிராங்கூன் சாலையைத் தமிழர் குடியிருப்பு என்று நினைப்பதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. அங்கே கடை வைத்திருப்பவர்கள் உண்டு, கோயிலுக்கு வருபவர்கள் உண்டு, ஞாயிற்றுக்கிழமை கூடும் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இரவு அங்கேயே படுத்துறங்கும் தமிழ்க் குடும்பங்கள் அவ்வளவு இல்லை. பழைய நாளிலும் தமிழர்கள் வேலை இருந்த இடத்தை ஒட்டியே வாழ்ந்தார்கள்: தஞ்சோங் பகார் துறைமுகம், செம்பவாங் கடற்படைத் தளம், சிலேத்தார் விமானத் தளம். படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக பிரிட்டன் 1968 ஜனவரியில் அறிவித்து, 1971 இறுதிக்குள் பெரும்பகுதி கிளம்பியபோது அந்தக் குடியிருப்புகள் கலைந்தன. சிலர் ஊர் திரும்பினார்கள். மற்றவர்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது 1989 ஜூலையில். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, அதே ஆண்டு மார்ச் 1ஆம் தேதி, எந்தப் பேட்டையிலும் ஓர் இனத்தவர் மட்டும் குவியாமல் இருக்க இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்புக்கு வந்தது. நம் கடைத்தெருவைக் காப்பாற்றி வைத்த ஆண்டும், நாம் ஒரே இடத்தில் சேர்ந்து குடியிருக்க முடியாது என்றான ஆண்டும் ஒன்றுதான்.

இந்தக் கொள்கை எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளாமல் வீடு மாறத் திட்டம் போடக்கூடாது. ‘இந்தியர், மற்றவர்’ என்ற பிரிவுக்கு 1989இல் வட்டாரத்தில் 10 விழுக்காடும் புளோக்கில் 13 விழுக்காடும் உச்சவரம்பாக இருந்தன. 2010 மார்ச்சில் அவை 12, 15 ஆக உயர்ந்தன. சீனருக்கு 84, 87. மலாய்க்காரருக்கு 22, 25. நூறு வீடு உள்ள புளோக்கில் நமக்கு அதிகபட்சம் பதினைந்து. அந்தப் பதினைந்தைத் தமிழர், மலையாளி, பஞ்சாபி, யுரேசியர் எல்லாரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

வாங்கும்போது இதன் விளைவு நேரடியானது. வரம்பு நிரம்பிய புளோக்கில், ஏற்கெனவே அதே பிரிவைச் சேர்ந்தவர் விற்கும் வீட்டை மட்டும்தான் நீங்கள் வாங்கலாம். சீனர் ஒருவர் நல்ல விலைக்குத் தர முன்வந்தாலும் நடக்காது. விற்கும்போது வரும் சிக்கல் கொஞ்சம் மறைமுகமானது, பலர் தவறவிடுவது அதைத்தான். நீங்கள் இந்தியர், உங்கள் புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது என்றால், உங்கள் வீட்டைச் சீனர் வாங்க முடியாது. நாட்டின் மக்கள்தொகையில் முக்கால்வாசிப் பேர் வாங்குவோர் வரிசையிலிருந்து விலகிவிடுகிறார்கள். மிஞ்சியிருப்பது மலாய்க்காரரும் இந்தியரும் மற்றவரும். வாங்க ஆள் குறைந்தால் விலையும் இறங்கும், விற்க நாளும் ஆகும். பக்கத்து வீட்டுச் சீனர் போன மாதம் விற்ற விலையை வைத்து உங்கள் அடுத்த வீட்டுக்குப் பணம் ஒதுக்கிவிட்டால் கணக்கு இடிக்கும். இப்படிச் சிக்கிக்கொண்ட நெடுநாள் உரிமையாளர்களின் வீடுகளை, தகுதியிருந்தால், வீவகவே வாங்கிக்கொள்ள 2022 மார்ச்சில் ஓர் ஏற்பாடு வந்தது. முயன்றும் விற்க முடியாதவர்களுக்கான கடைசி வழி அது. அதை நம்பி வீடு வாங்க வேண்டாம்.

ஒதுக்கீட்டு நிலவரம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று மாறும். வீவக இணையப்பக்கத்தில் புளோக் எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும். விற்பவர் வாங்கும் உரிமைப் பத்திரத்தைக் கொடுத்த பிறகு அதைச் செயல்படுத்த 21 நாள் அவகாசம். மாதக் கடைசியில் பத்திரம் வாங்கி அடுத்த மாதம் விண்ணப்பம் போடுபவர்கள் இடையில் ஒரு முதல் தேதியைக் கடக்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. நிரந்தரவாசிகளுக்கு இன்னொரு பூட்டும் உண்டு. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிக் குடும்பங்களுக்கு வட்டாரத்தில் 5 விழுக்காடு, புளோக்கில் 8 விழுக்காடு. தமிழ்நாட்டிலிருந்து வந்து நிரந்தரவாசம் பெற்ற குடும்பம் இரண்டு வரம்புக்குள்ளும் அடங்க வேண்டும். அதோடு, நிரந்தரவாசம் கிடைத்து மூன்று ஆண்டு ஆன பிறகே மறுவிற்பனை வீடு வாங்க முடியும்.

இந்த ஒதுக்கீட்டால் ஒரு நன்மையும் இருக்கிறது. எந்தப் பேட்டைக்குப் போனாலும் அண்டை அயலில் தமிழ் முகம் இருக்கும். ‘அங்கே நம்ம ஆளுங்களே கிடையாதாம்’ என்ற பேச்சு பெரும்பாலும் வெறும் பேச்சு. பேட்டைக்குப் பேட்டை வேறுபடுவது கடையும் கோயிலும் தமிழ் வகுப்பும்.

இனி தேக்கா தூரம். வடகிழக்கு ரயில்பாதை 2003 ஜூனில் திறந்தபோதே பாதித் தொல்லை தீர்ந்துவிட்டது. பொங்கோலில் ஏறினால் பத்தாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா, வண்டி மாற வேண்டியதில்லை, அரை மணிக்குள் மீன் கடை முன்னால் நிற்கலாம். உட்லண்ட்ஸ்காரர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் ஸ்டீவன்ஸ்வரை வந்து, டௌன்டவுன் பாதைக்கு மாறி, இரண்டே நிறுத்தத்தில் இறங்கும் வசதி. ஜூரோங் வெஸ்டுக்குத்தான் இன்னும் நீண்ட பயணம். தெங்காவுக்குப் போகிறவர்கள் ஜூரோங் வட்டார ரயில்பாதை திறக்கும்வரை பேருந்தை நம்பித்தான் இருக்க வேண்டும்.

தேக்காவில் உங்களுக்கு வேண்டியது தினமும் வேண்டியதா, வாரத்துக்கு ஒருமுறை வேண்டியதா என்று பிரித்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை ஆட்டிறைச்சியும் முருங்கைக்கீரையும் வாழை இலையும் வாங்குகிற குடும்பம் பொங்கோலிலிருந்து வரலாம், ஒன்றும் குறைந்துவிடாது. மளிகைக்கு ஈசூனிலும் உட்லண்ட்ஸிலும் நம் கடைகள் இருக்கின்றன. தினமும் காலையில் சந்தைக்கு நடந்துபோய், நாலு பேரைப் பார்த்து, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பும் எழுபது வயது அம்மாவின் கதை வேறு. அவருக்கு அது கடை மட்டுமில்லை, ஒரு நாளின் பாதி. அவரை இருபதாவது மாடியில், நல்ல காற்று வரும் புது வீட்டில் வைத்துவிட்டு மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால், அந்த வீடு அவருக்கு இறக்கம்தான். வீடு மாறும் விவாதங்களில் இந்தக் குரல் குறைவாகவே கேட்கிறது, ஏனென்றால் அம்மாக்கள் ‘உங்களுக்குச் சரின்னா எனக்கும் சரி’ என்று முடித்துவிடுவார்கள்.

கோயிலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், நம் கோயில்களே இடம் மாறியவைதான். ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த ஸ்ரீ சிவன் கோயில் எம்ஆர்டி ரயில் பணிக்காக இடம்பெயர்ந்து, பத்தாண்டு சிராங்கூன் சாலையில் தற்காலிகமாக இருந்து, 1993இல் கேலாங் ஈஸ்டில் குடியேறியது. கடற்படைத் தளத் தொழிலாளர்களின் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோயில் இன்று ஈசூனில் இருக்கிறது. செங்காங்கில் அருள்மிகு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம், மார்சிலிங்கில் சிவகிருஷ்ணா ஆலயம்.

பெற்றோர் பக்கத்தில் இருப்பதற்கு அரசாங்கமே பணம் தருகிறது. மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பம், பெற்றோரின் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000 வெள்ளி, ஒரே வீட்டில் சேர்ந்து வாழ வாங்கினால் 30,000 வெள்ளி. 2018 பிப்ரவரியிலிருந்து இந்த அளவு. தேக்காவில் பெற்றோர் இருந்தால் வாம்போ, பூன் கெங், கலாங் எல்லாம் அந்த வட்டத்துக்குள் வரும், பொங்கோல் வராது. ஆனால் இந்த மானியம் இரு பக்கமும் செல்லும்: பிள்ளை முதலில் செங்காங்கில் வாங்கி, பிறகு பெற்றோர் அங்கே சின்ன வீடு வாங்கினாலும் தகுதியிருந்தால் அவர்களுக்குக் கிடைக்கும். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போவது பாட்டிதான் என்றால், குடும்பத்தில் யார் யாரை நோக்கி நகர்வது என்பதை வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

பள்ளிக்குக் கணக்கு இன்னும் கறாரானது. தொடக்கநிலை ஒன்றில் இடத்துக்குப் போட்டி வந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவருக்கு முன்னுரிமை, அடுத்தது இரண்டு கிலோமீட்டருக்குள். அந்த முகவரியைக் காட்டி இடம் வாங்கினால் பதிவு தொடங்கியதிலிருந்து 30 மாதம் அங்கேயே குடியிருக்க வேண்டும். ஆகவே பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது வீடு மாறுவதும் ஏழு வயதில் மாறுவதும் ஒன்றல்ல. நாம் கூடுதலாகக் கேட்க வேண்டியது, அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு நடக்கிறதா என்று. தமிழ் படிக்கும் பிள்ளைகள் குறைவாக இருக்கும் பள்ளிகளிலிருந்து மாணவர்கள் பள்ளி முடிந்து வேறொரு நிலையத்துக்குப் போய்ப் படிக்க நேரிடும். பியட்டி சாலையில் உள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் அப்படிப்பட்ட உயர்நிலை மாணவர்கள் பலருக்குப் பழக்கமான இடம். வெயிலில் பேருந்து மாறி வரும் பிள்ளைக்குத் தமிழ்மேல் வரும் சலிப்பில் பாதி பயணச் சலிப்பு.

பணக் கணக்கில் எல்லாரும் விலையை மட்டும் பார்க்கிறார்கள். நகர மையத்தை ஒட்டிய வீட்டை விற்றுவிட்டு உட்லண்ட்ஸிலோ செம்பவாங்கிலோ அதே அறை எண்ணிக்கையில் வாங்கினால் பொதுவாகக் கையில் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் விற்ற தொகை முழுதும் கைக்கு வராது. மத்திய சேம நிதியிலிருந்து (மசேநிதி) வீட்டுக்காக எடுத்த பணத்தை ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டியோடு உங்கள் கணக்கில் திருப்பி வைக்க வேண்டும். பதினைந்து ஆண்டுக்கு முன் 100,000 வெள்ளி எடுத்திருந்தால் இன்று ஏறத்தாழ 145,000. அது உங்கள் பணம்தான், அடுத்த வீட்டுக்கும் பயன்படும், ஆனால் ரொக்கமாக இராது. புதிதாக 700,000 வெள்ளிக்கு வாங்கினால் முத்திரைத் தீர்வை 15,600. அதற்குமேல் முகவர் கட்டணம், புதுப்பிப்புச் செலவு. மூன்று ஆண்டில் மீண்டும் மாறும் எண்ணத்தோடு இதில் இறங்க முடியாது. மானியத்தோடு வாங்கிய வீட்டை ஐந்து ஆண்டு குடியிருக்காமல் விற்கவும் முடியாது.

குத்தகையும் பார்க்க வேண்டும். தேக்காவைச் சுற்றி 1980களின் தொடக்கத்தில் எழுந்த வீடுகளில் இன்னும் சுமார் 55 ஆண்டுதான் மிச்சம். வாங்குபவரில் இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை நீடிக்காவிட்டால், 2019 மே மாத விதிப்படி மசேநிதியை முழுதாகப் பயன்படுத்த முடியாது. 35 வயதுக்காரருக்கு 55ஐக் கூட்டினால் 90தான் வருகிறது. மறுபுறம், அந்தக் காலத்து நான்கறை வீடுகள் பல 100 சதுர மீட்டரைத் தாண்டும். இப்போதைய புது நான்கறை வீடுகள் 90ஐச் சுற்றித்தான். பொங்கலுக்கு முப்பது பேர் வரும் குடும்பத்துக்கு அந்தப் பத்து சதுர மீட்டர் பெரிது.

தேக்காவை விட்டுப் போகாமல் புது வீடே வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் ரோச்சோரில் 2021 நவம்பரில் விற்பனைக்கு வந்த ரிவர் பீக்ஸ் திட்டத்தின் விதிகளைப் படிக்க வேண்டும். பத்து ஆண்டு குடியிருந்த பிறகே விற்கலாம், விற்றால் விலையில் 6 விழுக்காட்டை வீவகவுக்குத் திருப்பித் தர வேண்டும், வாங்க வருபவருக்கும் வருமான வரம்பு உண்டு, முழு வீட்டை வாடகைக்கு விடவே முடியாது. மையத்தில் இருப்பதற்கான விலை இது. பழைய வீட்டில் அசையாமல் இருப்பதும் முழுக்க நம் கையில் இல்லை. வண்ண வண்ணமாக நின்ற ரோச்சோர் சென்டரின் நான்கு புளோக் குடும்பங்களுக்கு 2011இல் வந்த செய்தி, வடக்கு-தெற்கு விரைவுச்சாலைக்காக எல்லாரும் கிளம்ப வேண்டும் என்பது. அவர்களுக்குக் கலாங்கில் மாற்று வீடுகள் ஒதுக்கப்பட்டன.

முடிவெடுக்க முடியாதவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. குடிமக்கள், கட்டாயக் குடியிருப்புக் காலம் முடிந்திருந்தால், வீவகவின் அனுமதியோடு தங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, போக நினைக்கும் பேட்டையில் வாடகைக்கு இருந்து பார்க்கலாம். குறைந்தபட்ச ஒப்பந்தம் ஆறு மாதம். வாடகைக்குக் குடிபோவதற்கு இன ஒதுக்கீடு இல்லை, ஆனால் சில வீட்டுக்காரர்கள் இந்தியர் என்றதும் வேறு காரணம் சொல்லிக் கதவைச் சாத்துவது இன்னும் நடக்கிறது, அதற்கும் தயாராக இருங்கள். நிரந்தரவாசிகள் தங்கள் வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விட முடியாது. அவர்கள் செய்யக்கூடியது, வேலைநாள் காலை ஏழரை மணிக்கு அந்தப் பேட்டையிலிருந்து அலுவலகத்துக்குப் போய்ப் பார்ப்பதும், மாலை ஏழு மணிக்கு அந்த புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் யாரிடமாவது பேச்சுக் கொடுப்பதும்தான்.