ராகேஷ் சர்மா கூடப் போனவர் யாரு?

1984 ஏப்ரல் 3. சோயுஸ் டி-11 விண்கலத்துல ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனார். முதல் இந்தியர். இது எல்லாருக்கும் தெரியும். கூடப் போன ரெண்டு பேர் யாருன்னு கேட்டா முழிப்போம். கமாண்டர் யூரி மாலிஷேவ், ஃப்ளைட் எஞ்சினியர் கென்னடி ஸ்ட்ரெகாலோவ். இந்த ஸ்ட்ரெகாலோவ் கதை முக்கியம்.

அதுக்கு ஆறு மாசம் முன்னாடி, 1983 செப்டம்பர் 26. பைக்கோனூர் ஏவுதளம். ராக்கெட் உச்சியில ஸ்ட்ரெகாலோவும் விளாதிமிர் தித்தோவும் உட்கார்ந்திருக்காங்க. கிளம்ப ஒன்றரை நிமிஷம் இருக்கும்போது அடியில தீ. ஆபத்துன்னா வீரர்களைத் தூக்கிட்டுப் போக உச்சியில ஒரு சின்ன ராக்கெட் இருக்கும். அதை இயக்குற வயர்களும் எரிஞ்சுபோச்சு. உள்ளே இருந்தவங்களால அதை இயக்க முடியாது. தரையில இருந்தவங்க ரேடியோவுல கட்டளை அனுப்பினாங்க. சின்ன ராக்கெட் அவங்களைப் பிய்ச்சு எடுத்துட்டுப் பறந்தது. சில நொடிகள்ல கீழே பெரிய ராக்கெட் வெடிச்சது. ரெண்டு பேரும் சுமார் 4 கி.மீ. தள்ளி உயிரோட இறங்கினாங்க.

இப்போ நம்ம ககன்யானுக்கு வருவோம். 2022-க்குள்ள இந்தியர் போவார்னு 2018 சுதந்திர தினத்துல பிரதமர் அறிவிச்சார். 2022 வந்துச்சு, போச்சு. 'இன்னுமா?'ன்னு கேக்கறது நியாயம்தான். ஆனா எதை முதல்ல செஞ்சாங்கன்னு பாருங்க.

அந்த அறிவிப்புக்கு முன்னாடியே, 2018 ஜூலை 5, ஸ்ரீஹரிகோட்டாவுல இஸ்ரோ சோதிச்சது இந்தத் தப்பிக்கிற அமைப்பைத்தான். ஆள் இல்லாத கூடு கிட்டத்தட்ட 2.7 கி.மீ. உயரம் போய், பாராசூட்டுல கடல்ல இறங்கிச்சு. அது தரையிலிருந்து தப்பிக்கிற சோதனை. பறக்கும்போது பிரச்சனை வந்தா? அதுக்கு 2023 அக்டோபர் 21-ல டிவி-டி1. அன்னைக்கு கிளம்ப 5 நொடி இருக்கும்போது கம்ப்யூட்டர் தானாவே கவுண்ட்டவுனை நிறுத்திச்சு. காரணம் கண்டுபிடிச்சு, காலை 10 மணிக்கு ஏவினாங்க. ஒலியைவிட வேகமா போயிட்டிருக்கும்போதே, சுமார் 12 கி.மீ. உயரத்துல கூடு பிரிஞ்சு, பத்திரமா கடலுக்கு வந்துச்சு.

நான் இருக்கற வெள்ளக்கடையிலேர்ந்து ஏற்காடு வழியா சேலம் இறங்கணும்னா 20 கொண்டை ஊசி வளைவு. இங்க யாரும் வண்டி எவ்வளவு வேகம் போகும்னு முதல்ல கேக்க மாட்டாங்க, பிரேக் பிடிக்குமான்னுதான் கேப்பாங்க. சாஃப்ட்வேர்லயும், பழைய வெர்ஷனுக்குத் திரும்ப வழி இல்லாம புதுசை ஏத்தக்கூடாது.

அடுத்த முறை ககன்யான் தேதி தள்ளிப்போனா, 'எப்போ போவாங்க?'ன்னு மட்டும் கேக்காதீங்க. 'திரும்பி வர்ற வழியில இன்னும் எதைச் சோதிக்கணும்?'னும் கேளுங்க. ராகேஷ் சர்மா கூடப் போன அந்த மனுஷன் உயிரோட இருந்ததுக்கு, அந்தக் கேள்வியை யாரோ முன்னாடியே கேட்டதுதான் காரணம்.