கணக்குக்கு ஒரு தனி நகல்

வணிகப் பெருமக்களுக்கு ஒரு கேள்வி. கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் நாளைக் காலையில் திறக்கவில்லை என்றால், யார் எவ்வளவு பாக்கி, எந்த மண்டிக்கு எவ்வளவு தர வேண்டும் என்று நம்மால் சொல்ல முடியுமா?

கையால் எழுதிய காலத்தில் சிட்டை தனி, பேரேடு தனி. பேரேடு மழையில் நனைந்தாலும் சிட்டையைப் பார்த்து மீண்டும் எழுதிவிடலாம். இன்று இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. இதில் உள்ள ஆபத்தை உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான டென்மார்க்கின் மேர்ஸ்க் 2017-ல் நேரில் கண்டது.

உக்ரைனில் வரிக் கணக்கு தாக்கல் செய்ய எம்.இ.டாக் என்ற மென்பொருளைப் பலரும் பயன்படுத்தி வந்தனர். அதன் புதுப்பிப்பு வரும் வழியில் விஷமிகள் 'நாட்பெட்யா' என்ற வைரஸைப் புகுத்தினர். மேர்ஸ்க்கின் உக்ரைன் அலுவலகத்திலும் அந்த மென்பொருள் இருந்தது. 2017 ஜூன் 27 அன்று அங்கிருந்து வைரஸ் உலகெங்கும் உள்ள அதன் அலுவலகங்களுக்குப் பரவியது. மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமத்தின் முனையத்திலும் வேலை பாதித்தது. திரையில் பணம் கேட்டு அறிவிப்பு வந்தது. ஆனால் பணம் கட்டினாலும் தகவல் திரும்பாத வகையில்தான் அந்த வைரஸ் அமைந்திருந்தது.

எந்தக் கம்ப்யூட்டருக்குள் யார் நுழையலாம் என்ற பதிவேட்டை வைத்திருக்கும் சர்வர்கள் அந்நிறுவனத்தில் சுமார் 150 இருந்தன. ஒன்றிலுள்ளது மற்றவற்றிலும் தானாகவே பதிவாகும். ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும் என்று நம்பியிருந்தார்கள். ஆனால் எல்லாம் ஒரே வலையில் இணைந்திருந்ததால் ஒன்றாகவே அழிந்தன. மிஞ்சியது ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டுமே. காரணம், மின்வெட்டு! தாக்குதலுக்குச் சற்று முன் அங்கே மின்சாரம் போனதால் அது வலையிலிருந்து விலகியிருந்தது. அதிலிருந்த தகவலை விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், அதை வைத்தே மற்றவற்றை எழுப்பினார்கள். 4,000 சர்வர்கள், 45,000 கம்ப்யூட்டர்கள் பத்தே நாளில் புதிதாக அமைக்கப்பட்டன. நஷ்டம் 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரை என்று நிறுவனமே கணக்கிட்டது.

வைரஸ் பரவப் பயன்பட்ட ஓட்டைகளில் ஒன்றை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. ஆகவே புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் அதுமட்டும் போதாது. இங்கே புதுப்பிப்பின் வழியாகவே அல்லவா திருடன் வந்தான்! கடைசிப் பாதுகாப்பு, இணைப்பில் இல்லாத நகல்தான்.

கம்ப்யூட்டர் நிர்வாகிகள் இதற்கு 3-2-1 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தகவல் மூன்று இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு வகைச் சாதனத்தில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். நம் கடைக்கு இதைப் பெரிய செலவின்றிச் செய்யலாம்.

இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். கடை மூடும் முன் அன்றைய கணக்கை ஒன்றில் நகலெடுத்து, உடனே வயரைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்திருந்தால் கம்ப்யூட்டருக்கு வரும் கேடு அதற்கும் வரும். மற்றொன்று வீட்டுப் பீரோவில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள்.

இன்னொன்றும் முக்கியம். நகல் எடுத்தாகிவிட்டது என்று இருந்துவிடாமல், மாதம் ஒருமுறை அதை வேறு கம்ப்யூட்டரில் திறந்து, நேற்றைய பில் சரியாக வருகிறதா என்று பாருங்கள். கடையைப் பூட்டியபின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் நாம் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. கணக்கு நகலுக்கும் அதே பழக்கம் வேண்டும்.