எழுமாற்று: ஒரு சொல்லும் ஓர் ஆய்வு மாணவரும்

கணினி அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டுள்ள இளைஞர் ஒருவரை நாம் அறிவோம். வார நாள்களில் அவருக்கு ஆய்வுக்கூடமே உலகம், சனிக்கிழமை காலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பாடம், மாலையில் பூப்பந்து. அண்மையில் அவர் நம்மிடம் கொண்டுவந்தது கணக்கன்று, ஒரு சொற்சிக்கல். தம் ஆய்வைப் பாட்டியாருக்கு விளக்குகையில், "கணினி தற்செயலாக எண்களை எடுத்து விடை காணும்" என்றாராம். "குருட்டாம்போக்கில் சொல்வதற்கா தம்பி இத்தனை ஆண்டு படித்தாய்?" என்று கேட்டுவிட்டார் பாட்டியார்.

பாட்டியாரின் ஐயம் நேரியது; பிழை சொல்லில் இருக்கின்றது. எவரும் எண்ணாமல் நேர்வது தற்செயல். இவ்வாய்வில் நிகழ்வதோ எண்ணித் துணிந்த செயல்.

பல நூறு இலக்கங்கள் கொண்ட ஓர் எண், பகா எண்ணா என்று அறிய வேண்டும் எனக் கொள்வோம். இணையவழிச் செய்திகளை மறைத்து அனுப்ப இத்தகைய எண்கள் தேவைப்படுகின்றன. ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்க்கப் புகுந்தால் உலகின் வயது போதாது. கேரி மில்லர் என்பார் 1970களில் தம் முனைவர் பட்ட ஆய்வில் வகுத்த சோதனையை, மைக்கேல் ராபின் 1980இல் வேறு வடிவில் வெளியிட்டார். சோதிக்கும் எண்ணைவிடச் சிறிய எண் ஒன்றை எழுமாறாக எடுத்துச் சாட்சியாக நிறுத்துவர். சோதிக்கப்படுவது பகு எண்ணாயின், நான்கில் மூன்று பங்குச் சாட்சிகளேனும் அதனைக் காட்டிக்கொடுக்கும். காட்டிக்கொடுத்தால் தீர்ப்பு உறுதி. இன்றேல் ஐயம் எஞ்சும். பத்துச் சாட்சிகளைத் தனித்தனியே நிறுத்தினால், பகு எண் தப்பும் வாய்ப்பு 1,048,576இல் ஒன்றைத் தாண்டாது. சாட்சிகளை முன்னரே குறித்துவைத்தால் அவற்றை ஏய்க்கும் எண்ணை ஒருவர் புனைந்துவிடக்கூடும். எவர் வருவார் என்று தெரியாத சாட்சியை விலைக்கு வாங்க இயலுமா?

2002இல் கான்பூரில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவர், எழுமாற்றே வேண்டாத முறை ஒன்றைக் கண்டனர். கோட்பாட்டளவில் அது பெருவெற்றி. எனினும் நடைமுறையில் பழைய சோதனையே விரைவானது.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இக்கருத்தைச் 'சமவாய்ப்பு' என்கின்றன. ஒருபுறம் கனத்த காசைச் சுண்டினாலும் விளைவு முன்கூட்டித் தெரிவதில்லை; ஆங்கே சமம் ஏது? இலங்கைத் தமிழர் வழங்கும் 'எழுமாற்று' என்பதே நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகின்றது. அதில் சமமும் இல்லை, விபத்தும் இல்லை.

மாணவர் மறுவாரம் பாட்டியாரிடம் வேறு வகையில் சொல்லிப் பார்த்தார். சனிக்கிழமை வகுப்பில் எல்லா ஏடுகளையும் திருத்த அவருக்கு நேரமில்லை. சீட்டுக் குலுக்கி நான்கு ஏடுகளை மட்டும் எடுப்பார். யாருடையது வரும் என்று அறியாமையால் பிள்ளைகள் அனைவரும் வீட்டுப்பாடம் எழுதி வருகின்றனர். "அதுவா உன் படிப்பு? அப்படியென்றால் சீட்டை நீயே குலுக்கு, பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதே" என்றாராம் பாட்டியார்.

தம் ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்தில் 'எழுமாற்று நெறிமுறை' என்று எழுத அவர் முடிவு செய்துள்ளார். 'நெறிமுறை' ஒழுக்கவிதியையும் குறிக்குமே என்றோம். அச்சிக்கலை அடுத்த சொற்பொழிவில் எடுத்துக்கொள்வோம்.