தழும்பில் ஏன் முடி முளைப்பதில்லை?

ஆவுடையார்கோவிலுக்குப் போன பிள்ளைகள் ஆத்மநாதசுவாமி கோயிலின் கொடுங்கை என்ற கூரை விளிம்பை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். மரச்சட்டம் கோத்து ஆணி அடித்த கூரை மாதிரியே கருங்கல்லில் இழைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லில் ஒரு முனை உடைந்தால் உடைந்ததுதான். ஆனால் அதே கோயில் வாசலில் ஓடி விழுந்து சிராய்த்துக்கொண்ட முழங்கால், சில நாளில் தானே ஆறிவிடுகிறது. எப்படி?

ரத்தம் கசிந்ததும் அதிலுள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஃபைப்ரின் என்ற நுண்ணிழைகள் அவற்றைச் சேர்த்துப் பின்னி, ரத்தத்தை உறைய வைக்கும். அது காய்ந்து கறுத்தால் பொருக்கு. அதற்கடியில் வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கிக்கொண்டிருக்கும். காயத்தின் ஓரம் சிவந்து, தொட்டால் சூடாக இருப்பது, இந்த வேலைக்காக அங்கே ரத்த ஓட்டம் கூடுவதால்தான்.

பிறகு புதுத்தோல் வரும். அது ஓரங்களிலிருந்து மட்டும் வருவதில்லை. மேலோட்டமான சிராய்ப்பில் முடிவேர்கள் தப்பித்துக்கொள்ளும். அந்த வேர்களில் இருக்கும் ஸ்டெம் செல்கள் என்ற மூலச் செல்கள் பெருகி, மேலேறி வந்து, காயத்தை மூட உதவும். முடியின் வேர் தோலுக்கும் மருத்துவர்!

ஆழமான காயத்தில் வேரே போய்விடும். உடம்பு அவசர அவசரமாகக் கொலாஜன் என்ற நாரால் அந்த இடத்தை நிரப்பி மூடுகிறது. அதுதான் தழும்பு. புருவத்தில் ஆழமாக வெட்டுப்பட்டவர்களைப் பாருங்கள். தழும்பு ஓடிய கோட்டில் முடி இருக்காது. இந்தக் கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்று 1954, 1955ஆம் ஆண்டுகளில் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். நம் தமிழ்நாட்டில் நடந்த பெரிய கண்டுபிடிப்பு இது.

தழும்பில் முடி முளைக்கவே முளைக்காதா? 2007இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் அதிசயத்தைக் கண்டார்கள். எலியின் தோலில் ஏற்பட்ட பெரிய காயம் ஆறும்போது, அதன் நடுவில் புத்தம்புது முடிவேர்கள் தோன்றின. முளைத்த முடி மட்டும் வெள்ளை. மனிதருக்கு இப்படிப் புதுவேர் வரவழைக்கும் சிகிச்சை இன்னும் வரவில்லை.

தழும்பில் வேரே இல்லை. ஆனால் பரம்பரை வழுக்கையில் பல வேர்கள் சாவதில்லை, சுருங்கித்தான் போகின்றன. அவற்றை எழுப்பலாமா? 2013இல் வெளியான மும்பை மருத்துவர்களின் ஆய்வில் 100 ஆண்கள் பங்கேற்றார்கள். எல்லோருக்கும் மினாக்சிடில் மருந்து. பாதிப் பேருக்கு அதோடு வாரம் ஒருமுறை நுண்ஊசி உருளையால் தலையில் மெல்லிய குத்தல். 12 வாரத்தில், குத்தல் பெற்றவர்களுக்கே முடி மிக அதிகமாக வளர்ந்திருந்தது. குட்டிக் காயத்தை ஆற்ற உடம்பு சுரக்கும் வளர்ச்சிப் பொருள்கள் வேர்களையும் தூண்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இந்த ஊசிக் குத்தல் மருத்துவர் கையில் நடக்க வேண்டிய வேலை. வீட்டில் யாரும் ஊசியைத் தொடக் கூடாது. நீங்கள் செய்ய வேண்டியது வேறு: சிராய்ப்பைச் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆணி குத்தினாலோ ஆழமாக வெட்டுப்பட்டாலோ மறைக்காமல் பெரியவர்களிடம் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள், அடியில் வளரும் புதுத்தோலும் சேர்ந்து பிய்ந்துவிடும்.